ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போகலாமா? ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, ஒரு பெரிய தொழிற்சாலையில் ஒரு வருட அப்ரண்டிஸாகத் தேர்வாகியிருக்கிறேன். அங்கே கூட்டிப் பெருக்கத்தான் விடுவார்கள், நிரந்தரமும் ஆக்க மாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உள்ளே உண்மையில் எப்படி இருக்கும்? போகலாமா?"

போ தம்பி, தாராளமாகப் போ. ஆனால் எதற்குப் போகிறாய் என்பதில் தெளிவு வேண்டும். நிரந்தர வேலை கிடைத்துவிடும் என்ற ஒரே நினைப்போடு போனால் கடைசி மாதம் மனசு உடைந்துவிடும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் உன்னைப் பயிற்சி பெறுபவன் என்றுதான் சொல்கிறது, தொழிலாளி என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் தவிர, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. இதை எல்லோரும் குறையாகவே பார்க்கிறார்கள். எனக்கு இதில் ஓர் உரிமை தெரிகிறது. நீ பயிற்சி பெறுபவன் என்றால் உனக்குச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் கடமை. அதை நீ கேட்டு வாங்கலாம்.

உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டாய். என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் மாதம் முழுக்க எங்களுக்கு அரம்தான். ஒரு இரும்புக் கட்டையை வைஸில் பிடித்துக் கொடுத்து, மேல்பரப்பைத் தட்டையாக ராவச் சொன்னார்கள். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் இதே வேலையை ஒரு மதியத்தில் முடித்து ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். இங்கே மூன்று நாள் ராவினேன், உள்ளங்கையில் கொப்புளம். பார்வைக்குத் தட்டையாகத்தான் இருந்தது. சீனியர் ஒருவர் வந்து ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி என் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கசிந்தது. நடுவில் மேடு.

"அரம் உன் கையில் ஊஞ்சல் ஆடுகிறது" என்றார். அப்புறம் என் பின்னால் நின்று, என் இரண்டு கைகளையும் பிடித்துத் தள்ளிக் காட்டினார். தள்ளத் தொடங்கும்போது நுனியில் இருக்கும் இடது கை அழுத்த வேண்டும். நடுவில் இரண்டு கையும் சமம். முடிக்கும்போது பிடியில் இருக்கும் வலது கை அழுத்த வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். கைக்கு வந்து சேர இன்னும் பத்து நாள் ஆனது. வெளிச்சம் எங்கேயும் கசியாமல் ஒரு பரப்பை முடித்த அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம், டிப்ளமோ சான்றிதழ் வாங்கியபோதுகூட வரவில்லை. உண்மையாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு மெயின்டனன்ஸ் பிரிவில் போட்டார்கள். அங்கே ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மோட்டார் ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், பேரிங் ஏற்ற வேண்டியிருந்தது. பேரிங் என்றால் ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், நடுவில் உருளும் குண்டுகள். முறையாகச் செய்தால் ஹீட்டரில் வைத்து 110 டிகிரி அளவுக்குச் சூடாக்குவார்கள். உள்வளையம் விரிந்து பேரிங் தானாக வழுக்கிக்கொண்டு இறங்கும். ஹீட்டரை வேறு ஆள் எடுத்துப் போயிருந்தார். நான் அவசரப்பட்டு வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டி ஏற்றிவிட்டேன். மூன்றாம் நாள் மோட்டாரில் கரகரவென்று சத்தம். சீனியர் ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். கழற்றச் சொன்னார். உள்வளையத்தைத் துடைத்துவிட்டு அதன் மேல் என் விரல் நகத்தை ஓட்டச் சொன்னார். குண்டுகள் இருக்கும் அதே இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். வெளியே அடித்த அடி முழுக்கக் குண்டுகள் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அவர் திட்டவே இல்லை. இன்றைக்கும் யாராவது பேரிங்கிடம் சுத்தியலோடு போனால் என் நகம் கூசும். இந்த மாதிரிப் பாடத்துக்காகத்தான் உன்னைப் போகச் சொல்கிறேன்.

கூட்டிப் பெருக்க விடுவார்களா என்றால், விடுவார்கள். ஷிஃப்ட் முடிவில் மெஷினைச் சுத்தம் செய்வது அங்கே எல்லோருக்கும் உள்ள வேலை. அதைக் கௌரவக் குறைவாக நினைக்காதே. லேத் என்ற கடைசல் இயந்திரத்தைத் துடைக்கும்போதுதான் எண்ணெய் எங்கே கசிகிறது, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று கண்ணில் படும். ஆனால் மாதக்கணக்கில் ஸ்டோரில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுத வைத்தால் அது பயிற்சி ஆகாது. பயிற்சி அதிகாரியிடம் மரியாதையாக, எழுத்தில் கேள். பலன் இல்லை என்றால் சென்னை தரமணியில், டிப்ளமோ, பட்டதாரி அப்ரண்டிஸ்களைக் கவனிக்கும் மத்திய அரசின் தென்மண்டலப் பயிற்சி வாரியம் இருக்கிறது, அங்கே எழுதலாம். இன்னொன்று, அரசு நியமிக்கும் அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் உன்னை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. இதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. "எல்லோரும் நிற்கிறார்கள், நீயும் நில்" என்று சொன்னால் இதை நினைவில் வை. வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு, தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளும் உனக்குப் பொருந்தும். தொழிலாளி இல்லை என்று சொல்லி இவற்றை மறுக்க முடியாது.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 விதித் திருத்தத்தில் டிப்ளமோ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதி அரசின் பங்கு. உன் ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடு. வெளியூரில் அறை எடுத்துத் தங்கினால் கையைக் கடிக்கும். வீட்டில் முன்கூட்டியே பேசிவிடு.

பாதுகாப்பில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். சுற்றுகிற மெஷின் பக்கத்தில் கையுறை போடாதே, முழுக்கைச் சட்டையைத் தொங்க விடாதே. லேத்தில் துண்டைப் பிடித்துச் சுற்றும் சக்கில், அதை இறுக்கும் சாவியை விட்டுவிட்டு ஒரு நொடிகூட நகராதே. அப்படியே யாராவது ஸ்விட்சைப் போட்டால் அந்தச் சாவி எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். அன்றன்று கழற்றியது, மாட்டியது, அளந்தது எல்லாவற்றையும் இரவு படுக்கும் முன் எழுதிவிடு. படமும் போடு. பின்னாடி இன்டர்வியூவில் "என்ன வேலை தெரியும்?" என்று கேட்கும்போது, அந்த நோட்டில் இருப்பதுதான் உன் வாயில் வரும்.

சேர்ந்ததும் எந்தப் பிரிவில் போட்டார்கள் என்று எனக்கு எழுது தம்பி. மெயின்டனன்ஸ் கிடைத்தால் விடாதே, பிரேக்டவுன் வரும்போதெல்லாம் சீனியர் பின்னாலேயே ஓடு. குவாலிட்டி கிடைத்தால் முதல் வாரமே வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் கையில் கேட்டு வாங்கு. ஒரே துண்டைப் பத்து முறை அளந்து பார், பத்தும் ஒன்றாக வருகிறதா என்று.