மூளை இல்லாமல் உணர்வு ஏது?

நடுவர் அவர்களே, காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மூளை இல்லாமலும் உணர்வு இருக்க முடியும் என்று வாதிடும் எதிரணித் தோழர் தொட்டாற்சிணுங்கியைக் கொண்டுவந்தார். தொட்டால் சுருங்குகிறதே, அதற்கு மூளை எங்கே என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நான் அவரை வேலூரின் பாகாயத்துக்கு அழைக்கிறேன். 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தாரே டாக்டர் மேரி வர்கீஸ், அவர் வளர்த்த மறுவாழ்வு மையம் அங்கேதான் இருக்கிறது. தண்டுவடம் அறுபட்டவர்களில் பலருக்கு உள்ளங்காலைக் கீறினால் கால் வெடுக்கென்று மடங்கும். வலித்ததா என்று கேட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்திருந்தால் ஒழிய, கால் மடங்கியதே அவருக்குத் தெரியாது! நரம்பு இருக்கிறது, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி வேலை செய்கிறது. மூளைக்குப் போகும் வழி மட்டும் இல்லை. அசைவு உண்டு, அறிதல் இல்லை. மனிதனின் காலுக்கே இந்த நிலை என்றால், செடி சுருங்குவதை உணர்வுக்குச் சாட்சியாக எப்படி ஏற்பது?

அடுத்து, மூளை வெறும் வானொலிப் பெட்டி, பெட்டி உடைந்தாலும் ஒலிபரப்பு நிற்காது என்றார். பெட்டி பழுதானால் கரகரக்கும். செய்தி வாசிப்பவரின் குணம் மாறுமா? 1848-ல் அமெரிக்காவில் ஃபினியாஸ் கேஜ் என்ற தொழிலாளியின் முன்மூளையை இரும்புக் கம்பி துளைத்தது. பிழைத்தார், பேசினார். ஆனால் இவர் பழைய கேஜ் அல்ல என்றார்கள் நண்பர்கள்.

மூளை அறுவை சிகிச்சை நிபுணர் பென்ஃபீல்டையும் துணைக்கு அழைத்தார்கள். 1949-ல் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, மாண்ட்ரியலில் அவரிடம் பயின்றவர். விழித்திருக்கும் நோயாளியின் மூளையைப் பென்ஃபீல்டு மின்முனையால் தொட்டபோது, சிலருக்கு என்றோ கேட்ட பாட்டு மீண்டும் கேட்டது. மனம் மூளைக்கு அப்பாற்பட்டது என்ற பக்கம் அவர் பிற்காலத்தில் சாய்ந்தார், அதை நான் மறுக்கவில்லை. அது அவர் நம்பிக்கை. மூளையைத் தொட்டால் அனுபவம் பிறக்கிறது என்பது அவர் கை கண்டது. நான் கையை நம்புகிறேன்.

நடுவர் அவர்களே, 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவை மரணமாக ஏற்கிறது. அதை நம்பித்தான், இதயம் இன்னும் துடிக்கும் பிள்ளையின் உறுப்புகளைத் தானம் தரப் பெற்றோர் கையெழுத்திடுகிறார்கள். மூளை போன பிறகும் உணர்வு இருக்கும் என்றால், அந்தப் பிள்ளைக்கு வலிக்காது என்று அவர்களிடம் எதை வைத்துச் சொல்வீர்கள்? எதிரணித் தலைவர் இந்த மேடையிலேயே பதில் சொல்லட்டும்.