மங்கலான குறுமண்டலங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சிம்ம ராசி இருக்கும் திசையில், சுமார் 75,000 ஒளியாண்டுத் தொலைவில், செக்வே 1 என்றொரு குறுமண்டலம், அதாவது மிகச் சிறிய விண்மீன் மண்டலம், நம் பால்வெளி மண்டலத்தைச் சுற்றி வருகிறது. அண்டத்தின் அளவில் பார்த்தால் கூப்பிடு தூரம்தான். ஆனால் அதன் ஒளி முழுவதையும் திரட்டினாலும் ஏறக்குறைய 300 சூரியன்கள்தான் தேறும். திருவாதிரை என்கிறோமே, அந்த ஒற்றை விண்மீன் இந்த மண்டலம் முழுவதையும்விட நூற்றுக்கணக்கான மடங்கு பிரகாசமானது. பிறகு எதற்காக இதற்கு மண்டலம் என்ற பெரிய பட்டம்?

விடை அதன் விண்மீன்கள் நகரும் வேகத்தில் இருக்கிறது. ஒளியைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு விண்மீனும் நம்மை நோக்கி எவ்வளவு வேகத்தில் வருகிறது, அல்லது விலகுகிறது என்று அளந்தார்கள். ஒன்றுக்கொன்று நொடிக்கு சுமார் 4 கிலோமீட்டர் அளவில் வேறுபாடு. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் எடை மட்டுமே அங்கே இருந்திருந்தால், அவை எப்போதோ சிதறிப் போயிருக்கும். கட்டிப்போட்டு வைக்க ஏறத்தாழ 6 லட்சம் சூரியன்களின் எடை வேண்டும். ஒளிராத அந்த எடையைத்தான் கரும்பொருள் என்கிறோம்.

இந்தக் கணக்கை முதலில் துணிந்து போட்டவர் வானியலாளர் மார்க் ஆரன்சன். 1983-இல் டிராகோ என்ற குறுமண்டலத்தில் மூன்றே மூன்று விண்மீன்களின் வேகத்தை அளந்துவிட்டு, இங்கே கரும்பொருள் மிகுதியாக இருக்கக்கூடும் என்றார். மூன்றை வைத்துக்கொண்டா இவ்வளவு பெரிய முடிவு என்று கேட்கத் தோன்றும். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான விண்மீன்களை அளந்தபோதும் அவர் சொன்னது நின்றது.

இத்தகைய குறுமண்டலங்களைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. குறுக்கே நிற்கும் நம் மண்டலத்து விண்மீன்களே தெரியும். ஆகவே நிறத்தையும் பிரகாசத்தையும் வைத்துச் சலிக்கிறார்கள். ஒரே தொலைவில் உள்ள முதிய விண்மீன்கள் எந்த நிறத்தில் எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கில் உண்டு. அதற்குப் பொருந்துபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினால், வெறும் வானம் என்று நினைத்த இடத்தில் சில பத்து விண்மீன்கள் நெருங்கி நிற்பது தெரியவரும். இந்த முறை கைகொடுப்பதற்கு முன், 2004 வரை, பால்வெளியைச் சுற்றிவரும் துணை மண்டலங்களாக 11 மட்டுமே அறியப்பட்டிருந்தன. இன்று எண்ணிக்கை 50-ஐத் தாண்டிவிட்டது.

அதுவும் போதவில்லை என்பதே வேடிக்கை. 1999-இல் கணினிக் கணிப்புகள், நம் மண்டலத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான கரும்பொருள் திரள்கள் இருக்க வேண்டும் என்றன. பலவற்றில் விண்மீன்களே பிறந்திருக்காது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையது: அண்டத்தின் இளம்பருவத்தில் பரவிய புறஊதா ஒளி வாயுவைச் சூடேற்றிவிட்டது, சிறு திரள்களின் ஈர்ப்பால் அதைப் பிடித்துவைக்க முடியவில்லை.

கண்ணெதிரே இருந்தும் தெரியாமல் போனதும் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெஸ்ஸியே 1778-இல் தனுசு ராசிப் பக்கம் ஒரு விண்மீன் கொத்தைக் கண்டு, தம் பட்டியலில் 54 என்று எண்ணிட்டார். அது ஒரு துணை மண்டலத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது என்பது, அந்த மண்டலமே கண்டுபிடிக்கப்பட்ட 1994-க்குப் பிறகுதான் புரிந்தது. பால்வெளியின் ஈர்ப்பு இப்போது அதைக் கிழித்து, விண்மீன்களை நாடாபோல் வானைச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கிறது.

இப்போதைய வழக்கு, 2023-இல் அறிவிக்கப்பட்ட உர்சா மேஜர் 3 பற்றியது. மொத்தம் 60 விண்மீன்கள் அளவுதான். இது குறுமண்டலமா, வெறும் விண்மீன் கொத்தா? கரும்பொருள் இருந்தால் மண்டலம், இல்லாவிட்டால் கொத்து. அறிவிப்பின்போது வேகம் அளக்கப்பட்டிருந்தவை 11. அவற்றில் ஒன்றை நீக்கினாலே வேக வேறுபாடு பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்த ஒன்று இரட்டை விண்மீனாக இருந்தால், துணையைச் சுற்றும் வேகமே கணக்கைக் கெடுத்திருக்கும். சில ஆண்டு இடைவெளி விட்டு அதே விண்மீன்களை மீண்டும் அளந்தால், வேகம் மாறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வணக்கம்.