பேல் பஜாரில் 4,500 ரூபாய்க்கு வேட்டைக்காரர் பூட்ஸ்!

வணக்கம் உறவுகளே! இன்றைக்கு வளவளவென்று பேசப் போவதில்லை, நேராகச் சாமானைக் காட்டுகிறேன். கேமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன், பொறுங்கள். தெரிகிறதா? கரும்பச்சை ரப்பர், கெண்டைக்கால் முழுக்க மூடுகிற உயரம், உள்ளே 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் நுரை. குளிர் நாட்டு வேட்டைக்காரர்கள் போடுகிற அசல் கம் பூட்ஸ். நுவரெலியா பேல் பஜாரில், அதுதான் வெளிநாட்டுச் சாமான் பேல் பேலாக, மூட்டை கட்டி வந்து விற்கிற சந்தையில், 4,500 ரூபாய். நாலாயிரத்து ஐந்நூறு!

இந்த விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும். முதலாளி முதலில் சொன்னது 7,500. ஜாக்கெட் குவியலுக்கு அடியில் கிடந்தது. இழுத்து எடுத்தால் மேலெல்லாம் வெள்ளையாக, மா பூசினது மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கே மனம் தளர்ந்துவிட்டது. "தம்பி, இது பூஞ்சணம் பிடிச்சிருக்கு, 6,000 தாங்க" என்றார். நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன். பூஞ்சணம் என்றால் ஒரு வாடை இருக்கும், புள்ளி புள்ளியாகப் பிடித்திருக்கும். இது ஒரே சீராக, மெழுகு மாதிரி கையில் ஒட்டியது. இயற்கை ரப்பர் அதிகம் உள்ள பூட்ஸில், உள்ளே கலந்த மெழுகும் கந்தகமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து படியும். அதனால் கெடுதல் ஒன்றும் கிடையாது, ஈரத் துணியால் நன்றாகத் துடைத்தால் போய்விடும். அவரிடமும் அதை அப்படியே சொன்னேன். பொய் சொல்லி விலை குறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். "சரி, என்னவோ, யாரும் கேக்காத சாமான், 5,000 தாங்க" என்றார். பக்கத்துக் கடை அக்கா "தம்பி நம்ம ஊருப் பிள்ளை" என்று ஒரு வார்த்தை போட்டார் பாருங்கள், 4,500 ஆகிவிட்டது. அந்த அக்காவுக்கு நன்றி.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். இது எதற்கு என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லவேண்டும். நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. கந்தப்பளையில் மாமாவின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இராக்காவல் இருக்கிறேன், காட்டுப்பன்றியும் மரை என்கிற பெரிய மானும் வந்து கிளறிவிட்டுப் போகும். மற்றது, விடியற்காலையில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் மரை பார்ப்பது. அது 1988-இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே வேட்டை என்ற பேச்சே கிடையாது. ஒரு காலத்தில் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேய வேட்டைக்காரர் நுவரெலியாவில் குடியிருந்தபோது நாய்க் கூட்டத்தை விட்டு மரையைத் துரத்தினார். அவர் பெயரில்தான் அங்கே பேக்கர் நீர்வீழ்ச்சி இருக்கிறது. இப்போது சமவெளியில் இறங்கினதும் வருகிற ஃபார் இன் என்ற பழைய கட்டடம் கூட வேட்டைக்காரர்கள் தங்கின இடம்தான். இன்றைக்கு அதே புல்வெளியில் நாம் சத்தம் போடாமல் நின்று பார்க்கிறோம், எனக்கு அதில் பெரிய சந்தோஷம். தோட்ட ஓரத்தில் பன்றிக்குச் சுருக்குக் கம்பி கட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அதில் மாட்டிச் சாவது எத்தனையோ தடவை சிறுத்தை. தயவுசெய்து கட்டாதீர்கள். தகரம் தட்டுங்கள், வெளிச்சம் அடியுங்கள், காவல் இருங்கள்.

சரி, பூட்ஸுக்கு வருவோம். வேட்டைக்காரர் பூட்ஸ் ஏன் நமக்குப் பொருந்துகிறது என்றால், அவர்கள் வேலையும் நம் காவல் வேலையும் ஒரே வேலை. குளிரில், ஈரத்தில், அசையாமல் மணிக்கணக்காக இருப்பது. வட அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தோல் பூட்ஸை விட ரப்பரை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோலில் மனித வாடை ஏறிக்கொள்ளும், நடந்த வழியெல்லாம் அந்த வாடை கிடக்கும், மான் மோப்பம் பிடித்துவிடும். ரப்பரில் அவ்வளவு ஏறாது. நம் மரைக்கும் மூக்கு அப்படித்தான், காற்று நம் பக்கமிருந்து அடித்தால் தலையைத் தூக்கிவிடும்.

இனி எனக்குக் கோபம் வருகிற விஷயம். போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள், "அண்ணா, உள்ளே பொசுபொசுவென்று மயிர் வைத்த பூட்ஸ் வாங்குங்க, சூடா இருக்கும்" என்று. வேண்டாம், வேண்டவே வேண்டாம்! கடையில் கையை விட்டுப் பார்க்கும்போது சொர்க்கமாக இருக்கும். ஆனால் ரப்பருக்குள் வியர்வைக்கு வெளியே போக வழியில்லை. அந்த மயிர் அவ்வளவையும் குடித்துக்கொள்ளும். மேலே வாய் வழியாக ஒரு தடவை மழைத்தண்ணீர் இறங்கினால் முடிந்தது. நுவரெலியாவில் வெயில் முகம் காட்டாத நாட்களில் அது எங்கே காயும்? மறுநாள் ஈரத்துக்குள்தான் காலை விடுவீர்கள், அதற்குச் செருப்பே மேல். நியோப்ரீன் அப்படி இல்லை. இதுவும் ஒரு செயற்கை ரப்பர்தான், 1930-இல் டியூபாண்ட் கம்பனி கண்டுபிடித்தது. அதை நுரையாக ஆக்கியிருக்கிறார்கள், உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடின குட்டிக் குட்டிக் குமிழ். தண்ணீர் அதற்குள் புகாது, குமிழில் அடைபட்ட வாயுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. உள்பக்கத் துணியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

அங்கேயே இன்னொரு சோடி தொங்கியது, லேபிளில் 800 கிராம் என்று இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் "இது எடை குறைவு" என்று கையில் தூக்கிப் பார்த்தார். அது பூட்ஸின் எடையே இல்லை. உள்ளே வைத்த செயற்கைப் பஞ்சுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. எண் ஏற ஏறத் தடிப்பு கூடும். நடந்து திரிகிறவர்களுக்கு 200, 400 போதும், மரத்தில் பரண் கட்டி அசையாமல் இருக்கிறவர்கள்தான் 800, 1,000 என்று போவார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. நமக்குக் குளிர் என்றால் ஜனவரி, பெப்ரவரியில் அம்பேவெல, சீத்தாஎலிய பக்கம் புல்லில் வெள்ளைப் பனி பிடிக்கிற குளிர். தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும்தான், ஆனாலும் கனடாவின் மைனஸ் 30 இல்லையே. 800-ஐப் போட்டுக்கொண்டு சிங்கிள் ட்ரீ மலை ஏறினால் பாதி வழியில் மேஸ் (காலுறை) நனைந்துவிடும். உச்சியில் நின்றதும் அந்த ஈரமே குளிரைக் காலுக்குள் ஏற்றும். லேபிளில் மைனஸ் 40 என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். நடக்கிற காலுக்கும் உட்கார்ந்திருக்கிற காலுக்கும் ஒரே பூட்ஸ் ஒரே மாதிரி இருக்காது. உங்கள் கால் என்ன செய்யப் போகிறது, அதை முதலில் யோசியுங்கள்.

அப்புறம் அளவு. இதில்தான் நிறையப் பேர் காசைத் தொலைக்கிறார்கள். பேலில் வருவதில் பாதி அமெரிக்க எண். ஆண்களுடையது என்றால் அவர்களின் 9 நமக்கு 8. கம்பளி மேஸ் போட்டுக்கொண்டு போய்த்தான் போட்டுப் பார்க்கவேண்டும், நான் பையில் கொண்டுபோனேன். விரலை உள்ளே அசைக்க இடம் இருக்கவேண்டும். இறுக்கமான பூட்ஸில் இரண்டு மேஸ் போட்டால் இன்னும் குளிரும், இரத்த ஓட்டமும் குறையும், சூட்டைப் பிடிக்கக் காற்றுக்கும் இடமிருக்காது. பருத்தி மேஸ் கூடவே கூடாது. கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூட்டை முழுக்க விட்டுவிடாது.

ரப்பரா பிளாஸ்டிக்கா என்று பார்ப்பதை மறந்தே போனேன், இதை முதலில் சொல்லியிருக்கவேண்டும். ஹார்ட்வெயார் கடையில் தொங்குகிற கறுப்பு, வெள்ளை கம் பூட்ஸ் முக்கால்வாசி பிவிசி என்ற பிளாஸ்டிக். அச்சில் ஊற்றி வார்த்தது, அதனால் முன்னும் பின்னும் ஒரு கோடு மேலிருந்து கீழே நேராக ஓடும். குளிரில் அது விறைத்துவிடும், நடக்கும்போது கணுக்காலில் வெட்டும். நல்ல ரப்பர் பூட்ஸில் துண்டு துண்டாக ஒட்டின விளிம்புகள் தெரியும், பாருங்கள், இந்தக் குதிகால் பக்கம். மடித்தால் மெதுவாக வளையும். பழைய சாமான் என்றால் மடிகிற இடத்தை, கணுக்கால் முன்பக்கத்தை, நன்றாக வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் எடுக்காதீர்கள், அது வளரும். வீட்டுக்கு வந்ததும் உள்ளே காய்ந்த பேப்பரைத் திணித்து, வாளித் தண்ணீரில் நிறுத்தி, கல்லை வைத்து அமுக்கிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் பழைய வீரகேசரி அப்படியே மொறுமொறுவென்று இருந்தது. எழுத்துக்கூடக் கலங்கவில்லை! வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பேப்பரைக் காட்டினேன்.

இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி கம் பூட்ஸை மட்டும் இராக்காவலுக்கு எடுக்காதீர்கள். விரலுக்கு மேலே ஐஸ் கட்டி வைத்த மாதிரிதான்.

அடிப்பாகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். குளிர் பெரும்பாலும் மண்ணிலிருந்து ஏறுகிறது. காவல் குடிலில் கால் வைக்கிற இடத்தில் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பூட்ஸுக்குள் தடித்த கம்பளித் தகடு ஒன்றை வெட்டிப் போடலாம், ஆனால் தினமும் வெளியே எடுத்துக் காயவைக்கவேண்டும். அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள், பசை விட்டுவிடும். சமையலறை மூலையில் கம்பில் கவிழ்த்து வைத்தால் போதும்.

எனக்கு உண்மையில் மனதில் கிடப்பது வேறு. காலை பனியில் கொழுந்து எடுக்கிற அக்காமாரைப் பாருங்கள். இடுப்பில் படங்கு கட்டியிருக்கும், காலில் ரப்பர் செருப்பு. அட்டை கடிக்காமல் இருக்கச் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு போவார்கள். 1876-இல் கம்பஹா ஹெனரத்கொடத் தோட்டத்தில் ரப்பர்க் கன்று நட்ட நாடு இது, களுத்துறை, கேகாலையெல்லாம் ரப்பர்க் காடு, ஆனால் மலையில் நிற்கிற பெண்ணின் காலுக்கு ஒரு நல்ல ரப்பர் பூட்ஸ் இல்லை. இந்த உயரமான பூட்ஸ் அவர்களுக்குச் சரிவராது, சரிவில் ஏறி இறங்கக் கனம், கெண்டையில் உரசும். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் கட்டையான, மெல்லிய ரப்பர், கழற்றிக் காயவைக்கக்கூடிய கம்பளித் தகடு, சேற்றில் வழுக்காத ஆழமான பல் வைத்த அடி. அப்படி ஒன்று 3,000 ரூபாய்க்குள் கிடைத்தால் முதலில் என் சித்திக்கு வாங்குவேன். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் எந்தக் கடையிலாவது கட்டை கம் பூட்ஸோ, மீட்டர் கணக்கில் கம்பளித் தகடோ பார்த்தவர்கள் கடை இருக்கிற தெருவையும் விலையையும் எழுதுங்கள். நான் நேரில் போய்ப் பார்த்து வீடியோ போடுகிறேன். பேட்டரி சிவப்பாகிவிட்டது, வருகிறேன் உறவுகளே.