பகிடி விடுவதும் சந்தி சிரிப்பதும் ஒன்றா?

சரி, அடுத்த கேள்வி வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் அனுப்பியது. மகன் கட்டுரையில் "நண்பர்கள் பகிடி விட்டு என்னைச் சந்தி சிரிக்க வைத்தார்கள்" என்று எழுத, ஆசிரியர் சிவப்புக் கோடு போட்டுவிட்டாராம். "இரண்டும் சிரிப்புத்தானே ஐயா, எங்கே பிழை?" என்கிறார்.

வினைச்சொல்லைக் கவனியுங்கள் அம்மா. பகிடி விடுகிறோம், நக்கல் அடிக்கிறோம், கேலி செய்கிறோம். எல்லாம் சிரிக்கிறவர் செய்கிற வேலை. அவமானமோ படுவது. மானம் போகிறது, தலை குனிகிறது என்பதெல்லாம் பட்டவர் பக்கத்துச் சொற்கள். தொல்காப்பியமும் மெய்ப்பாட்டியலில், அதாவது உணர்ச்சிகள் வெளிப்படுவதைச் சொல்லும் பகுதியில், இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. எள்ளல், நகை என்கிற சிரிப்பு பிறக்கும் நான்கு காரணங்களில் ஒன்று. இழிவுணர்ச்சிக்கு இளிவரல் என்று தனி மெய்ப்பாடே உண்டு.

கேலியே இல்லாமலும் அவமானம் வரும். காலி வீதியில் ஒரு பஸ்ஸில் பார்த்தேன். வயதான அம்மா ஒருவர் சின்னப் பர்ஸைத் திறந்து சில்லறை எண்ணினார், கொஞ்சம் குறைந்தது. "காசில்லாமல் ஏன் ஏறுறீங்கள்?" என்று நடத்துநர் முழு பஸ்ஸுக்கும் கேட்கச் சத்தம் போட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா இறங்கும் வரை பர்ஸின் சிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அதே சொல்லை வீட்டில் பேரன் சொல்லியிருந்தால் அது பகிடி.

சந்தி சிரிப்பது என்றால் அப்படித்தான். அங்கே நிற்பவர்கள் நம் ஆட்கள் இல்லை. தெஹிவளைச் சந்தியில் போகிறவன் வருகிறவன் எல்லாம் நம் வீட்டு விஷயத்தைப் பேசுகிற நிலை அது.

அப்புறம், நம் இலங்கையில் பகிடிவதை என்று ஒரு சொல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் மூத்த மாணவர்கள் புதிதாக வருகிறவர்களைத் துன்புறுத்துவது. 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டி வந்த கொடுமை. "சும்மா பகிடிதானே" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். அந்தச் சொல்லின் பின்பாதியை அவர்கள் வாசிப்பதே இல்லை.

வகுப்பில் நாலு நண்பர்கள் சிரித்ததோடு முடிந்தது என்றால் ஆசிரியர் போட்ட கோடு சரி. ஆனால் மகன் தெரிந்தே அந்தச் சொல்லை எழுதியிருக்கலாம். அன்றைக்குச் சுற்றி நின்றவர்கள் யார் யார், பிறகு அது யார் காதுக்கெல்லாம் போனது என்று மகனிடம் மெல்லக் கேளுங்கள் அம்மா. கட்டுரையைப் பிறகு திருத்தலாம்.