கேம்பர் கூரை ஒழுகுகிறதா? சொட்டு விழும் இடத்தில் ஓட்டையைத் தேடாதீர்கள்!

[காட்சி: டிரெய்லரின் பின்பக்க மேல் படுக்கை. உட்கூரையில் ஒரு பழுப்புக் கறை.]

இந்தக் கறையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டீ சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு வட்டம், ஓரத்தில் மட்டும் கோடு அடர்த்தியாக இருக்கிறது. இதற்கு நேர் கீழேதான் என் மகள் தலை வைத்துப் படுப்பாள். ஒரு மழை இரவில் நெற்றியில் சொட்டு விழுந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சொட்டு உள்ளே வந்த ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? கறைக்கு மேலே இல்லை. 9 அடி தள்ளி, கூரையும் சுவரும் சேரும் விளிம்பில், ஒரு பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்த ஒரே ஒரு ஸ்க்ரூவில் இருந்தது.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது, உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் ஒரு லீஃப் புளோயரும் பாத்திரம் கழுவும் சோப்பும்தான். எப்படி என்று காட்டுகிறேன், இருங்கள்.

வணக்கம் நண்பர்களே. நான் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். எங்களிடம் இருப்பது பழைய டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு. கேம்பர் என்று நான் சொல்வதும் இதைத்தான். கனடா, ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் ஆட்களும் இப்போது நிறையப் பேர் இதை வாங்குகிறார்கள். பழையதாக வாங்கினால் முதலில் வரும் தலைவலி கூரை ஒழுகல்தான்.

கூரை எதனால் ஆனது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டிரெய்லர்களில் பிளைவுட் பலகை மேல் ரப்பர் விரிப்பு மாதிரி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அதில் இபிடிஎம், டிபிஓ என்று இரண்டு வகை. சிலவற்றில் ஃபைபர்கிளாஸ், சிலவற்றில் அலுமினியம். சீலன்ட், அதாவது இடைவெளியை அடைக்கும் பசை, வாங்கும் முன் உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள். இபிடிஎம் மேல் பெட்ரோலியம் கலந்த கிளீனரைப் போட்டால் ரப்பர் உப்பிப் போகும். சரி, அவ்வளவு போதும்.

விரிப்பு நடுவில் கிழிந்து ஒழுகுவது குறைவு. கிளை உரசினால் கிழியும், அது கண்ணுக்கே தெரியும். ஒழுகல் வருவது, எதையாவது பொருத்துவதற்காகக் கூரையை வெட்டிய இடங்களில். காற்றுப் போகும் வென்ட், வெளிச்சத்துக்கான ஸ்கைலைட், டாய்லெட் குழாயின் மேல்முனை, ஆன்டெனா, ஏசி, பின்னால் இருக்கும் ஏணியின் கால்கள், உச்சியில் எரியும் சின்ன ஆரஞ்சு விளக்குகள். அப்புறம் விளிம்பு மோல்டிங், அதாவது கூரையும் சுவரும் சேரும் இடத்தை மூடும் சட்டம்; அதன் ஸ்க்ரூக்களை மறைப்பதுதான் நான் சொன்ன பிளாஸ்டிக் பட்டை. என் கணக்கில் எல்லாரும் மறப்பது இந்தக் கடைசி ஆளைத்தான்.

இப்போது தண்ணீரின் குணத்துக்கு வருவோம். ஊரில் ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. உடைந்த ஓடு ஓர் இடத்தில் இருக்கும், அம்மா பாத்திரம் வைக்கும் இடம் வேறாக இருக்கும். தண்ணீர் ரீப்பர் கட்டையைப் பிடித்துக்கொண்டே இறங்கி, அதற்கு மேல் எங்கே போக முடியவில்லையோ அங்கே சொட்டும். கேம்பர் கூரையிலும் அதேதான். விரிப்புக்குக் கீழே பலகை, சட்டம், பஞ்சு, ஒயர் எல்லாம் இருக்கின்றன. எல்லாமே தண்ணீருக்குப் பாதை.

எனக்குத் துப்பு கிடைத்ததும் இப்படித்தான். வீட்டு டிரைவ்வேயில் டிரெய்லரின் மூக்கு சற்று மேலே தூக்கி நிற்கும். அங்கே மழை பெய்தால் பின்னால் படுக்கையில் சொட்டும். லடிங்டன் ஸ்டேட் பார்க்கில் ஏரிக்கரையில் நிறுத்தியபோது தரை வேறு மாதிரி இருந்தது, மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அன்றும் மழைதான். படுக்கை காய்ந்திருந்தது. ஆனால் முன்பக்கத்தில், துணி வைக்கும் அலமாரியின் உள்மூலை நனைந்து போயிருந்தது! ஒரே ஒழுகல், இடம் மாறிச் சொட்டுகிறது. அப்படியென்றால் ஓட்டை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதற்கு முன்னால் படுக்கைக்கு மேலே இருக்கும் வென்ட்டைச் சுற்றி இரண்டு முறை சீலன்ட் பூசியிருந்தேன். அந்த வென்ட் எந்தப் பாவமும் செய்யவில்லை.

உங்கள் வண்டி ஒழுகினால் இதை முதலில் செய்து பாருங்கள், செலவே இல்லை. முன்பக்க ஜாக்கை ஏற்றி ஒரு மழை, இறக்கி ஒரு மழை. சொட்டும் இடம் மாறுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: சைக்கிள் ட்யூப், தண்ணீர்த் தொட்டி, குமிழிகள்.]

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பஞ்சர் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ட்யூபில் காற்றடிப்பார், தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே சுற்றுவார். ஓர் இடத்தில் குமிழி சரம் சரமாகக் கிளம்பும். விரலை வைத்து, துடைத்து, அங்கே ஒரு குறி போடுவார். வெளியே இருந்து உள்ளே போகும் தண்ணீரை அவர் தேடுவதில்லை. உள்ளே இருந்து வெளியே வரும் காற்றைத்தான் தேடுகிறார். தண்ணீர் ஏமாற்றும், காற்று நேராக வெளியே வந்துவிடும். முழு கேம்பரையும் ஒரு ட்யூபாக நினைத்தால் வேலை முடிந்தது.

ஆர்.வி. சர்வீஸ் கடைகளில், அதாவது இந்த மாதிரி வீட்டு வண்டிகளைப் பழுதுபார்க்கும் கடைகளில், இதற்கென்றே ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். கூரை வென்ட்டில் அதைப் பொருத்திக் காற்றை உள்ளே தள்ளுவார்கள். வீட்டில் நாம் கனமான அட்டையை ஒரு ஜன்னல் அளவுக்கு வெட்டி, புளோயர் மூக்கு நுழையும் அளவு ஓட்டை போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டினால் போதும்.

ஆனால் முதலில் இதைக் கேளுங்கள். மின்சார புளோயர் மட்டும்தான். பெட்ரோல் புளோயரின் புகை உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. கேஸ் சிலிண்டரை மூடுங்கள், ஃபர்னஸ், ஃப்ரிட்ஜ், அடுப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். ஜன்னல், கதவு, வென்ட் எல்லாம் மூடியிருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட்டின் வாயை வெளியே டேப் போட்டு அடையுங்கள். சிங்க்கிலும் ஷவரிலும் ஒரு கப் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் காற்று அந்தக் குழாய் வழியாகவே போய்விடும். புளோயரைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். கேம்பர் பலூன் இல்லை, லேசான அழுத்தமே போதும்.

வெயிலில் செய்யாதீர்கள், சோப்புத் தண்ணீர் உடனே காய்ந்துவிடும். காற்று இல்லாத, மேகம் மூடிய காலை நல்லது. கூரை மேல் ஏறுவதாக இருந்தால், அது ஆள் எடையைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். தாங்கும் என்றிருந்தாலும் நான் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு அதன் மேல்தான் மண்டியிடுவேன். என்னுடையது மாதிரி விளிம்பு வேலை என்றால் ஏணியில் நின்றே செய்துவிடலாம்.

செடிக்கு மருந்து அடிக்கும் பம்ப் ஸ்ப்ரேயரில் சோப்புத் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு இணைப்பிலும் மெதுவாக அடியுங்கள். அடித்த உடனே நகராதீர்கள். பத்து விநாடி நின்று பாருங்கள்.

[காட்சி: மோல்டிங் பட்டை, மிக அருகில்.]

இதோ, இந்த இடம். முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் பட்டையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து வருகிறது பாருங்கள், பால் பொங்க ஆரம்பிக்கும்போது ஓரத்தில் நுரை கட்டுமே, அந்த மாதிரி. மெல்லிய ஓட்டை என்றால் இப்படிப் பொடி நுரை வரும். கொஞ்சம் பெரிது என்றால் முட்டை முட்டையாகக் குமிழி. ரொம்பப் பெரிய ஓட்டை என்றால் குமிழியே வராது! காற்று சோப்பை ஊதித் தள்ளிவிடும். அதனால் ஈரக் கையையும் ஓரத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று காற்று படும். என் மகள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, அங்க நுரை வருது!" என்று கத்தினாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

குமிழி வந்த ஒவ்வோர் இடத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறி வையுங்கள். எனக்கு நான்கு இடம் வந்தது. ஒன்றைக் கண்டதும் நிறுத்தியிருந்தால் மற்ற மூன்றும் அடுத்த வருஷம் காத்திருந்திருக்கும்.

ஏசி மட்டும் தனிக் கதை. ஏசி ஓடும்போது மட்டும் சொட்டினால் அது மழைத் தண்ணீர் இல்லை, ஏசியே உண்டாக்கும் தண்ணீர், வடிகால் அடைத்திருக்கும். மழையில் சொட்டினால் ஏசிக்காகக் கூரையில் வெட்டிய 14 அங்குலச் சதுர ஓட்டையைச் சுற்றியிருக்கும் காஸ்கெட்டை, அதாவது இடைவெளியை அடைக்கும் மெத்தைப் பட்டையைப் பாருங்கள். உள்ளே இருந்து நான்கு போல்ட்டையும் சமமாக, கொஞ்சமாக முடுக்கினாலே பல நேரம் சரியாகிவிடும். காஸ்கெட் முழுக்க நசுங்கிப்போகும் அளவுக்கு முடுக்காதீர்கள்.

இனி ஓட்டையை அடைப்போம். அந்த பிளாஸ்டிக் பட்டை வெயிலில் சுருங்கும். சுருங்கினால் முனையில் இடைவெளி விழும், அதன் வழியாகத் தண்ணீர் போய் ஸ்க்ரூக்கள் மேல் தேங்கும். ஸ்க்ரூ துருப்பிடிக்கும், அதைச் சுற்றியிருக்கும் மரம் மக்கும். மிச்சிகன் குளிரில் இன்னொன்றும் நடக்கும். தண்ணீர் ஐஸாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெரிதாகும். மயிரிழை விரிசலை ஒவ்வொரு குளிர்காலமும் பிளந்துகொண்டே போகும்.

பட்டையை உருவினேன். ஸ்க்ரூக்களைக் கழற்றி மோல்டிங்கைத் தூக்கினேன். அடியில் இருந்த பழைய பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் டேப், கல் மாதிரி காய்ந்திருந்தது. பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, ஸ்பிரிட் (ஆல்கஹால்) தொட்டுத் துடைத்து, புது பியூட்டைல் டேப் போட்டு, எவர்சில்வர் ஸ்க்ரூ அடித்தேன். புதுப் பட்டையை இழுத்துப் பிடித்துப் பொருத்தாதீர்கள், இழுத்ததெல்லாம் திரும்பச் சுருங்கும். முனையில் ஓர் அங்குலம் கூடுதலாக விடுங்கள்.

வென்ட் மாதிரி படுத்திருக்கும் இடங்களுக்கு செல்ஃப் லெவலிங் லேப் சீலன்ட். டைகார் கம்பெனியுடையதுதான் பலரும் வாங்குவது. பூசினால் தானே பரந்து, ஸ்க்ரூ தலைகளை மூடி, தோசை மாவு மாதிரி சமமாகிவிடும். செங்குத்தான இடத்தில் இதைப் போட்டால் வழிந்து கீழே வரும். அங்கே வழியாத வகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய லேப் சீலன்ட் நன்றாக ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், சுத்தம் செய்து அதன் மேலேயே பூசலாம். கிழிந்த இடத்துக்கு எடர்னாபாண்ட் டேப். ரோலரால் அழுத்தி ஒட்டுங்கள். வைக்கும் முன் இரண்டு முறை அளந்துகொள்ளுங்கள், ஒட்டினால் பிரிக்க முடியாது.

கையெடுத்துக் கேட்கிறேன், சிலிக்கான் மட்டும் போடாதீர்கள். குளியலறைக்கு வாங்கிய மிச்சம் இருக்கிறதே என்று போட்டுவிடுகிறார்கள். ரப்பர் கூரையில் அது சரியாக ஒட்டாது. ஒரு முறை பூசிவிட்டால் அதன் மேல் வேறு எந்தச் சீலன்ட்டும் பிடிக்காது, சிலிக்கானே பிடிக்காது. பழைய ஓனர் பூசிய சிலிக்கானை ஒரு ஸ்கைலைட்டிலிருந்து எடுக்க எனக்கு ஒரு முழுச் சனிக்கிழமை போனது.

அடைப்பதற்கு முன் காய வைப்பது அடைப்பதைவிட முக்கியம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் உள்ளேயே மக்கும். ஊசி முனை வைத்த ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நல்லது. 20-ஐத் தாண்டினால் இன்னும் காய விடுங்கள். நான் காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் வைத்து ஆறு நாள் ஓட்டினேன். விரலால் அழுத்தினால் சுவர் அமுங்குகிறது, வெளிப்பக்கம் ஃபைபர்கிளாஸ் உப்பியிருக்கிறது என்றால் அது இந்த வீடியோவில் அடங்காத வேலை. அந்த நிலையில் இருக்கும் வண்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

எல்லாம் முடித்து மறுபடி புளோயர் போட்டு, மறுபடி சோப்பு அடித்தேன். நான்கு இடத்திலும் நுரை இல்லை. அடுத்த வாரம் நல்ல மழை. படுக்கைக்கு மேலும் அலமாரி மூலையிலும் டிஷ்யூ பேப்பர் ஒட்டி வைத்திருந்தேன். காலையில் மகள்தான் முதலில் ஓடிப் போய்ப் பிய்த்துக்கொண்டு வந்தாள். இரண்டும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன.

உங்கள் கேம்பரில் எங்கே நுரை வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். ஏணிக் காலில் வந்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். அடுத்து அந்த இடத்தைத்தான் கழற்றப் போகிறேன்.