உழவன் கடைசியாகத்தான் வந்தான்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"அமெரிக்காவின் மேற்குப் பகுதியை உருவாக்கியது குடியேறிகளின் துணிவா, பூர்வகுடிகளின் நிலப்பறிப்பா?" என்னும் இன்றைய தலைப்பில், நிலப்பறிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், அந்த நிலம் வெறுமையாகக் கிடந்தது என்றார். அரசின் தயவை எதிர்பாராத தனிமனிதர்கள் வியர்வை சிந்தி அதைப் பண்படுத்தினார்கள் என்றார். போகிற போக்கில், நிலத்துக்கு உரிய விலையும் கொடுக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். கைத்தட்டலும் நன்றாகவே கிடைத்தது.

தம் வாதத்துக்குச் சான்றாக ஜான் காஸ்ட் 1872-இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தையும் அவர் வருணித்தார். நெற்றியில் நட்சத்திரம் சூடிய வெள்ளுடைப் பெண்ணொருத்தி வானில் மிதந்தபடி மேற்கு நோக்கிச் செல்கிறாள். ஒரு கையில் பள்ளிப் புத்தகம், மறு கையில் அவள் இழுத்துச் செல்லும் தந்திக் கம்பி. அவளுக்குக் கீழே ஏர் உழுபவரும் தங்கம் தேடுவோரும் கூண்டு வண்டிகளும், பின்னால் ரயில்களும் வருகின்றன. ஓவியத்தின் இடது ஓரத்தில், இருட்டுப் பக்கமாக, பூர்வகுடி மக்களும் காட்டெருதுகளும் திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறார்கள். எதிரணித் தலைவர் வருணித்ததில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் யார் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. சட்டமன்ற உறுப்பினர் இல்லை, நீதிபதி இல்லை, சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர் இல்லை, துப்பாக்கி ஏந்திய அரசுப் படையும் நம் கண்ணில் படுவதில்லை. பூர்வகுடிகள் ஏதோ வெளிச்சத்துக்கு அஞ்சித் தாமாகவே ஓடிப்போவதுபோல் வரையப்பட்டிருக்கிறது. என் வாதம் முழுவதும் படத்தில் விடுபட்ட அந்த மனிதர்களைப் பற்றியது. உழவன் துணிவில்லாதவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் வந்து சேர்வதற்கு முன்பே, அரசு தன் சட்டத்தாலும் படையாலும் அந்த நிலத்தை ஆள் இல்லாத நிலமாக ஆக்கி வைத்திருந்தது என்கிறேன்.

வெற்று நிலம் என்ற பேச்சை விரைவாகவே முடித்துவிடலாம். இன்றைய செயிண்ட் லூயிஸ் நகருக்கு எதிரே, மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையோரச் சமவெளியில் கஹோகியா என்ற நகரம் இருந்தது. கி.பி. 1100-ஐ ஒட்டிய காலத்தில் அங்கே 10,000-க்குக் குறையாத மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் எழுப்பிய மண்மேடு ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. மிசௌரி ஆற்றங்கரையில் மண்டன் என்ற பூர்வகுடி மக்கள் சோளமும் பூசணியும் பயிரிட்டு, சுற்றியுள்ள கூட்டங்களுக்கெல்லாம் தானியம் விற்றார்கள். 1837-இல் பெரியம்மை வந்தபோது ஏறக்குறைய 1,600 பேர் இருந்த அந்தச் சமூகத்தில் நூற்றுச் சொச்சம் பேரே மிஞ்சினார்கள். பிறகு வந்தவர்கள் கண்ட வெறுமையில் பெரும்பகுதி நோய் உண்டாக்கிய வெறுமை. இழவு விழுந்த வீட்டைப் பார்த்து, இங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்று சொல்வது என்ன நியாயம் என்று எதிரணியினர்தான் சொல்ல வேண்டும்.

சரி, நோய் தீண்டாமல், நிலைத்த குடிகளாய், ஏர் பிடித்து, எழுத்தும் படித்து வாழ்ந்தவர்களையாவது விட்டுவைத்தார்களா? நாட்டின் தென்கிழக்கில் வாழ்ந்த செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். 1821 வாக்கில் செக்வோயா என்ற செரோக்கியர் தம் மொழிக்கென ஓர் எழுத்துமுறையை உருவாக்கி முடித்தார். சில ஆண்டுகளில் அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் எழுதப் படிக்கக் கற்றார்கள். 1827-இல் தமக்கென அரசியல் சட்டம் இயற்றினார்கள். 1828-இல் நியூ எகோட்டா என்ற தம் தலைநகரிலிருந்து இரு மொழிகளில் செய்தித்தாள் நடத்தினார்கள். தோட்டமும் மாவு ஆலையும் வைத்திருந்தார்கள். அவர்களில் செல்வந்தர்கள், அக்கம்பக்கத்து வெள்ளையரைப்போலவே, கறுப்பின அடிமைகளையும் வைத்திருந்தார்கள்; அதை மறைத்துவிட்டு அவர்களை மாசற்றவர்களாகக் காட்ட நான் விரும்பவில்லை. நாகரிகம் அடையுங்கள், நிலம் உங்களுடையதாகவே இருக்கும் என்று அவர்களுக்குத் தலைமுறைக் கணக்கில் அறிவுரை சொல்லப்பட்டது. அந்த அறிவுரையை அட்சரம் பிசகாமல் பின்பற்றிய நேரத்தில்தான் ஜார்ஜியா மாநில மலைப்பகுதியில் தங்கம் கிடைத்தது.

அடுத்து நடந்ததில் தனிமனிதத் துணிவு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஜார்ஜியா அரசு செரோக்கி நிலத்தின்மேல் தன் சட்டத்தை நீட்டியது; வெள்ளையருக்கு எதிராக அவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது என்று விதித்தது; தம் சொந்த நிலத்திலேயே தங்கம் தோண்டக் கூடாது என்றும் தடுத்தது. 1830-இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்ட பூர்வகுடி வெளியேற்றச் சட்டம் வந்தது. 1832-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்த அதே ஆண்டில், அவர்கள் குடியிருந்த நிலத்தைத் துண்டு துண்டாக அளந்து, குலுக்கல் முறையில் வெள்ளைக் குடிமக்களுக்கு வழங்கத் தொடங்கியது மாநில அரசு. ஆம், லாட்டரிதான்! பரிசுச் சீட்டு விழுந்தவருக்கு அடுத்தவர் வீடும் தோட்டமும் கிடைத்தன.

செரோக்கி மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் ஜான் ராஸ், முறையீட்டுக்காக வாஷிங்டன் சென்றுவிட்டு 1835-இல் ஊர் திரும்பியபோது, அவருடைய வீட்டில் லாட்டரியில் வென்றவர் குடியேறியிருந்தார். தம் வீட்டு வாசலில் அந்நியராக நின்ற அவர், எல்லை கடந்து டென்னசியில் ஒரு மரக் குடிசையில் குடியிருக்க நேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மக்கள் அதிகாரம் கொடுக்காத ஒரு சிறு குழுவிடம் 50 லட்சம் டாலருக்கு ஒப்பந்தக் கையெழுத்து வாங்கப்பட்டது. 15,000-க்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குச் சென்றும், நாடாளுமன்ற மேலவையான செனட் சபை, தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவை ஒரே ஒரு வாக்கில் எட்டிப்பிடித்து, அந்த ஒப்பந்தத்தை ஏற்றது. உரிய விலை கொடுத்து வாங்கினார்கள் என்று எதிரணித் தலைவர் சொன்னது இந்தக் கிரயத்தைத்தானா? 1838-இல் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படை வீடு வீடாகச் சென்று மக்களைப் பிடித்து அடைப்புக் கொட்டடிகளில் வைத்தது. ஏறத்தாழ 16,000 பேர் மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டார்கள்; சுமார் 4,000 பேர் கொட்டடியிலும் வழியிலும் இறந்தார்கள். ஜான் ராஸின் மனைவியும் வழியிலேயே இறந்தார். அவர்கள் விட்டுச் சென்ற மலையடிவாரத்தில், டலோனெகா என்ற ஊரில், அதே 1838-இல் அமெரிக்க அரசின் நாணயச்சாலை தங்கக் காசு அடிக்கத் தொடங்கியது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டத்தை ஏழைகளின் வரப்பிரசாதம் என்று புகழ்ந்தார். 160 ஏக்கரில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால், சிறு கட்டணத்தோடு பட்டா கிடைக்கும். நிலமற்ற எத்தனையோ குடும்பங்கள் இதனால் தலைநிமிர்ந்தன என்பதும் உண்மைதான். ஆனால் "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்ற பழமொழி நம்மிடம் இருக்கிறதே! வாரி வழங்கிய நெய் யாருடையது? அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1-ஆம் தேதி. அதற்கு ஆறு நாள் முன்பு, மின்னசோட்டா மாநிலத்தின் மங்காட்டோ ஊரில், டகோட்டா என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஆண்கள் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஒப்பந்தப்படி தர வேண்டிய ஆண்டுத் தொகை வராமல், பட்டினி கிடந்து, 1862 ஆகஸ்டில் அவர்கள் போரில் இறங்கினார்கள். அந்தப் போரில் நூற்றுக்கணக்கான குடியேறிகளும் கொல்லப்பட்டார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். போர் முடிந்ததும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் டகோட்டா மக்களின் ஒப்பந்தங்களை ரத்து செய்து, அவர்களை மின்னசோட்டாவிலிருந்தே வெளியேற்றியது. ஹோம்ஸ்டெட் உழவன் தன் ஏரோடு வந்து இறங்கும்போது, நிலம் அளந்து, கல் நட்டு, எண் இடப்பட்டுத் தயாராக இருந்தது. சதுர மைலுக்கு 640 ஏக்கர். அதில் கால் பங்குதான் அவனுக்குக் கிடைத்த 160. ரயில் நிறுவனங்களுக்கு மத்திய அரசு கொடுத்ததோ ஏறத்தாழ 13 கோடி ஏக்கர். அரசின் தயவில்லாத தனிமனித முயற்சி என்று இதற்கா பெயர் வைப்பது?

பூர்வகுடிகள்தான் ஓயாமல் தாக்கினார்கள் என்றும் ஒரு பேச்சு இங்கே வந்தது. 1883-இல் தொடங்கிய பஃபலோ பில் என்ற கேளிக்கையாளரின் குதிரைக் காட்சியில், குடியேறியின் குடிசையைப் பூர்வகுடிகள் தாக்குவதும் கதாநாயகன் வந்து மீட்பதும் கூட்டம் கூட்டிய அங்கம். நிஜ வழித்தடத்தில், 1840 முதல் 1860 வரை பசிபிக் கரை நோக்கிச் சென்ற பயணிகளில் பூர்வகுடிகளால் கொல்லப்பட்டவர்கள் சுமார் 360 பேர் என்றும், பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் சுமார் 425 பேர் என்றும் வரலாற்றாய்வாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். வண்டிக்காரர்களைக் கொத்துக் கொத்தாய்க் கொன்றது காலரா. கலிபோர்னியாவின் முதல் ஆளுநர் பீட்டர் பர்னெட்டோ, பூர்வகுடி இனம் அழியும்வரை அழிப்புப் போர் நடந்துகொண்டே இருக்கும் என்று 1851-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். அந்தப் படையெடுப்புகளுக்கு மாநில அரசு சம்பளம் கொடுத்தது. 1848-இல் ஒன்றரை லட்சமாக இருந்த கலிபோர்னியப் பூர்வகுடிகள், 1870 வாக்கில் முப்பதாயிரம் அளவுக்குக் குறைந்துபோனார்கள். நோயும் பட்டினியும் இதில் உண்டு. அரசு பணம் கட்டிய துப்பாக்கியும் உண்டு.

போர்கள் ஓய்ந்த பிறகாவது பறிப்பு நின்றதா என்றால், அதுவும் இல்லை. 1887-இல் வந்த டாஸ் சட்டம், கூட்டுடைமையாக இருந்த நிலத்தைக் குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை உபரி என்று அறிவித்து வெளியாருக்குத் திறந்துவிட்டது. பிரித்துக் கொடுத்த பங்கும் வரிப் பாக்கியிலும் கடனிலும் ஏமாற்றிலும் கைமாறியது. அந்த ஆண்டில் 13.8 கோடி ஏக்கராக இருந்த பூர்வகுடி நிலம், 1934-இல் 4.8 கோடியாகச் சுருங்கியது. ஒரு குண்டும் வெடிக்காமல் 9 கோடி ஏக்கர் போனதைத்தான் நான் இந்தக் கதையின் மிகக் கொடிய பகுதியாக எண்ணுகிறேன்.

பழங்கதையைக் கிளறுவானேன் என்று எதிரணி கேட்கும். மூன்றாவது பேச்சாளர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அவருக்காக ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1868-இல் லாரமி கோட்டை ஒப்பந்தம், பிளாக் ஹில்ஸ் மலைத்தொடர் உட்பட்ட நிலத்தை லகோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கு உறுதி செய்தது. வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் அதில் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றும் எழுதியது. 1874-இல் அமெரிக்கப் படைத் தலைவர் கஸ்டரின் படை அந்த மலையில் தங்கம் இருப்பதை உறுதி செய்தது. 1876-இல், கையெழுத்திடும் வரை உணவுப் பங்கீடு கிடையாது என்று மிரட்டியும், பத்தில் ஒரு பங்கினர்தான் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகளை வைத்துக்கொண்டு 1877-இல் காங்கிரஸ் மலையை எடுத்துக்கொண்டது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1980-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றமே அது இழப்பீடு கொடுக்காத நிலப்பறிப்பு என்று ஏற்று, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. லகோட்டா மக்கள் அந்தப் பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். அது அரசுக் கணக்கில் வட்டியோடு பெருகி இன்று 100 கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. நாட்டிலேயே மிக வறிய மாவட்டங்கள் சிலவற்றில் வாழ்ந்துகொண்டு, அதில் ஒரு டாலரையும் தொடாமல், எங்களுக்கு மலைதான் வேண்டும் என்கிறார்கள். விற்றவர் பணத்தை வாங்காத இந்த விற்பனை எந்த வகையில் விற்பனை என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் விளக்கிவிட்டு, பிறகு குடியேறிகளின் துணிவைப் பற்றிப் பேசட்டும். நன்றி, வணக்கம்.