பிரிமணையிலிருந்து ஒரு கூடை

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டு அடுப்படியில் பிரிமணை இருக்கிறதா? மண்பானை ஆடாமல் நிற்பதற்காக வைக்கோலைத் திரித்து வட்டமாகச் சுற்றி வைத்திருப்பார்களே, அதைத்தான் கேட்கிறேன். சோழவந்தான் பக்கத்தில் எங்கள் வீட்டில் அறுப்பு முடிந்த கையோடு அம்மா நாலைந்து செய்து போட்டுவிடுவார். இன்று நான் கயிற்றில் கூடை தைக்கிறேன் என்றால், அதற்குப் பாடம் அந்தப் பிரிமணைதான். பிரிமணையின் நடு ஓட்டையை அடைத்து, ஓரத்தை மேலே ஏற்றிக்கொண்டே போனால் அது கூடை. இந்த வித்தை புதிதாக எங்கிருந்தோ வந்ததில்லை, நம் வீட்டுப் பெண்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கயிறு. நாரை ஒரு பக்கமாக முறுக்கினால் பிரி. அந்தப் பிரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. ஒரு முறுக்கு அவிழப் பார்க்கும்போது மற்றது இறுகிக்கொள்ளும். பசையும் முடிச்சும் இல்லாமல் கயிறு கயிறாக நிற்பது இதனால்தான்.

தேங்காய் நார்க் கயிறு என்றால் சிங்கம்புணரி நினைவுக்கு வரும். அந்தக் கயிறு முரடு, விறைப்பு. வெங்காயம், பூண்டு போட்டுவைக்கிற கூடைக்கு அதுதான் தோது, காற்று உள்ளே போய் வரும். துணி மடித்து வைக்க, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போட, எனக்குப் பிடித்தது வாழைநார்க் கயிறு. கைக்கு மெத்தென்று இருக்கும், பட்டுப்போல ஒரு மினுமினுப்பும் உண்டு. வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும். தாரை வெட்டிய பிறகு அந்த மரத்தையும் வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த மட்டையை உரித்துக் காயவைத்துக் கிழித்தால் நார். மல்லிகை கட்டுவதற்கு நாம் எத்தனையோ காலமாகக் கிழித்த நார்தான் அது. அதைக் கூடைக்கு ஆகிற கயிறாகத் திரிக்க, எங்கள் பக்கத்து மேலக்கால் முருகேசன் சைக்கிள் சக்கர ரிம்மை வைத்து ஒரு கருவி செய்தார். பூக்கட்டுகிற நார், பையாகவும் கூடையாகவும் வெளியூர் போவதற்கு அது ஒரு பெரிய வழி.

இனி வேலைக்கு வருகிறேன். கயிற்றோடு ஒரு கோணூசி, தடித்த பருத்தி நூல், கத்தரிக்கோல் போதும். கயிற்று முனையில் லேசாகத் தண்ணீர் தெளித்து இளக்கிக்கொள்ளுங்கள். முனையை மடித்து நத்தை ஓடுபோலச் சுருட்டி, ஊசியை அந்தச் சுருளின் குறுக்கே இரண்டு மூன்று முறை விட்டு வாங்குங்கள். நடு அவிழ்ந்தால் கூடையே அவிழும். பிறகு சுற்றச் சுற்ற, விரல் அகலத்துக்கு ஒரு தையல். ஊசி புதுச் சுற்றிலும் பாதி ஏற வேண்டும், பழைய சுற்றிலும் பாதி ஏற வேண்டும்.

கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் அடித்தட்டுதான். கயிற்றை இழுத்துப் பிடித்துத் தைத்தால் தட்டு கிண்ணம்போலக் குழிந்துவிடும். தளர விட்டால் ஓரம் அப்பளம்போல நெளியும். என் முதல் கூடை குழிந்துதான் போனது. மூன்று நாள் வேலையைப் பிரித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். அப்போது அம்மா சொன்னது இதுதான்: "கயித்தை இழுக்காதே, அது வர்ற வழிக்குக் கை கொடு." தட்டைத் தரையில் வைத்தே தைத்தால் நெளிவும் குழிவும் உடனே கண்ணில் படும். மடியில் வைத்துத் தைத்தால் தெரியாது.

வேண்டிய அகலம் வந்ததும் அடுத்த சுற்றை ஓரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் ஓரத்தின் மேல் ஏற்றுங்கள். அங்கே சுவர் தொடங்குகிறது. வட்டம் கோணாமல் வர உள்ளே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொள்ளலாம். கைப்பிடிக்கு, மேல் சுற்றில் நான்கு விரல் நீளம் தைக்காமல் கயிற்றை வளைத்து விட்டு, அதன் மேலேயே இன்னொரு சுற்று ஓட்டித் தைத்தால் எடை தாங்கும். க்ளூ கன் வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பசை மேல்நாரை மட்டும்தான் பிடிக்கிறது. எடை ஏறினால் நாரோடு பெயர்ந்து வரும். தைத்த கூடையைத்தான் நான் கூடை என்பேன்.

அழகுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். நைந்துபோன சுங்குடிச் சேலையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, நடுவில் நாலு சுற்றுக்கு மட்டும் கயிற்றின் மேல் சுற்றித் தையுங்கள். பழுப்பு நாருக்கு நடுவே அரக்குச் சிவப்பும் வெள்ளைப் புள்ளியும் எட்டிப் பார்க்கும்போது, அது மதுரைக் கூடை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விலை பற்றியும் பேசியாக வேண்டும். 25 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கூடை என்று வையுங்கள். கயிறு 8 மில்லிமீட்டர் தடிமன். அடித்தட்டுக்கு மட்டும் 6 மீட்டர் போகும். சுவருக்கு 25 சுற்று, அது ஏறக்குறைய 20 மீட்டர். ஆக 26 மீட்டர் கயிறு. 2 சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் 1,300 தையல். ஒவ்வொன்றுக்கும் ஊசியை விறைத்த நாருக்குள் தள்ளி, மறுபக்கம் இழுத்து, இறுக்க வேண்டும். சாயங்காலத்தில் கட்டைவிரல் நுனி மரத்துப்போகும். கண்காட்சியில் கூடையைக் கையில் எடுத்து, "வெறும் கயிறுதானே, பாதி விலைக்குக் கொடும்மா" என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். கோபமாகச் சொல்வதில்லை. உட்காரவைத்து, ஊசியைக் கையில் கொடுத்து, பத்துத் தையல் போடச் சொல்கிறேன். போட்டுப் பார்த்தவர் யாரும் அதற்கு மேல் பேரம் பேசியதில்லை.

வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாருக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரை ஒட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், கரையானும் ஏறும். ஒரு பலகை மேல் தள்ளி வையுங்கள். வெயில் அடிக்கிற அன்றைக்கு வெறுங்கூடையாக முற்றத்தில் கவிழ்த்து வையுங்கள். தண்ணீரில் முக்கிக் கழுவ வேண்டாம், காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் தூசி போய்விடும்.

தைக்கிறவர்களுக்குக் கடைசி முனை பாக்கி இருக்கிறது. அதை வெடுக்கென்று வெட்டிவிடாதீர்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பிரியைப் பிரித்து, நாரைச் சிறுகச் சிறுகக் கழித்துக்கொண்டே வந்து, எலிவாலாக மெலிய வைத்து, கீழ்ச் சுற்றோடு அணைத்துத் தையுங்கள். தொட்டுப் பார்த்தால்கூட எங்கே முடிந்தது என்று தெரியக் கூடாது.

நன்றி, வணக்கம்.